வாணி ஜெயராமைத் தேடிப் போய்ப் பம்பையில் மாட்டிக்கொண்டேன்: வேலூரில் ஓர் ஆடி ஞாயிறு

வீடு திரும்பி ஒரு நாள் ஆகிவிட்டது. காதுக்குள் பம்பை மேளம் இன்னும் நிற்கவில்லை. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். பஸ், லாட்ஜ், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். பார்ப்போம்.

முதலில் வயிற்றெரிச்சல். காட்பாடி ஸ்டேஷனுக்கு வெளியே கால் வைத்ததுமே கோட்டைக்கு 300 ரூபாய் என்றார் ஓர் ஆட்டோக்காரர். "பாலம் தாண்டணும் சார், டிராஃபிக்." 220க்குப் படிந்தது. அதே பாலத்தில் எங்களைத் தாண்டிப் போன டவுன் பஸ்ஸில் பாதி சீட் காலி. பாலாற்றை எட்டிப் பார்த்தேன். மணலும் முள்செடியும்தான்.

கொடுத்த காசுக்கு விவரமாவது கேட்போம் என்று, "வாணி ஜெயராம் பிறந்த ஊராச்சே, எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்றேன். "அவங்க பம்பாய் இல்லியா சார்?" என்றார். டீக்கடையிலும் அதே பதில்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமாகி பம்பாய்க்குப் போய், 1971இல் வசந்த் தேசாய் இசையில் இந்தியில் பாடித்தான் அவருக்குப் பெயரே வந்தது. ஆனால் 1945 நவம்பர் 30இல் கலைவாணியாக அவர் பிறந்தது இந்த வேலூரில். தேசிய விருது மட்டும் மூன்று முறை: 'அபூர்வ ராகங்கள்', 'சங்கராபரணம்', 'ஸ்வாதி கிரணம்'. 2023 ஜனவரியில் பத்ம பூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி போய்விட்டார். அவர் பாட்டை அவர் பிறந்த ஊரில், மேடையில், யாராவது பாடக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். ஆடியில் வேலூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு அம்மன் திருவிழா என்பதால் எங்காவது ஓர் ஆர்கெஸ்ட்ரா கிடைக்காமல் போகாது என்ற தைரியம்.

கோட்டை, அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பார்த்தேன், நன்றாக இருந்தது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே சந்துக்குள் ஒரு லாட்ஜில் 700 ரூபாய்க்கு ரூம். வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்காகச் சுற்றிலும் வங்காள எழுத்தில் போர்டுகள், மீன் சாப்பாட்டு வாசனை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிறு மதியம் சும்மா நடந்தவனை ஒரு சின்ன மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்திக் கூழ் கொடுத்தார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. இதைவிட நல்ல சாப்பாடு இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைக்கவில்லை, காசும் வாங்கவில்லை. இரண்டாவது சொம்பு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் கரகம் ஜோடிக்க ஆரம்பித்தார்கள்.

பம்பைக்காரர்கள் மூன்று பேர், உடுக்கை ஒருவர், கைச்சிலம்பு ஒருவர். பம்பை என்பது ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம். ஒன்று மரம், ஒன்று வெங்கலம். இடுப்போடு கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கிறார்கள். முதலில் வர்ணிப்பு. படவேட்டு ரேணுகாம்பாளைக் கூப்பிட்டு, ஒவ்வோர் ஊர் அம்மனாக வரிசையாக அழைத்து, நிதானமாகத்தான் பாடினார் பெரியவர். அடியும் அடக்கமாகவே இருந்தது. கரகத்தில் பூச்சரம் ஏற ஏற அடி இறுகியது. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, என் கையிலிருந்த சொம்பில் கூழ் நடுங்கியது. எதிரில் நின்ற அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டுப் போய்ச் சுவரோரம் ஒதுங்கினேன். "இன்னா சார், இதுக்கே பயந்துட்டீங்களா?" என்று சிரித்தார் பெரியவர்.

சென்னையில் 500 ரூபாய் டிக்கெட் வாங்கி ஏ.சி. சபாவில் தூங்கியிருக்கிறேன். இங்கே வெயிலில் நின்று இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. அப்புறம் பேசிக்கொண்டிருந்தபோது பம்பைப் பெரியவர் சொன்னார்: "ஆடி ஒரு மாசம்தான் சார் எங்களுக்கு. மத்த நாள் பெயின்ட் வேலை."

ராத்திரி அதே தெருவில் மெல்லிசைக் குழு. பெயர்தான் மெல்லிசை. ஸ்பீக்கர் அடுக்கின் அருகில் நின்றால் பல் ஆடும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் "அன்பளிப்பு 501" என்று பெயர் வாசிப்பு வேறு. கீபோர்டு பையன் மட்டும் கெட்டிக்காரன். பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும், ஒன்பதரை வரை குத்துப்பாட்டுதான். பொறுமை போய், இரவுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த 100 ரூபாயை ஒரு சீட்டோடு மேடைக்கு அனுப்பினேன்: 'வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் பாட்டு ஒன்று.' அறிவிப்பாளர் அதை அப்படியே வாசித்துவிட்டு, "நம்ம ஊரா?" என்று மைக்கிலேயே கேட்டார். கூட்டத்தில் விசில்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' பாடினார். கையில் பேப்பர் இல்லை. மேல் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் பிசிறியது, ஆனாலும் இழைப்பு எதையும் விடவில்லை. ஐஸ் வண்டிக்காரர்கூட மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். அன்றிரவு எனக்கு இரண்டு வாழைப்பழம்தான். பரவாயில்லை.

திங்கள் காலை வாலாஜாபேட்டை. கண்டக்டர் "ஊருக்குள்ள போவாது" என்று பைபாஸில் இறக்கிவிட்டார், டிக்கெட் கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். ரயிலில் போகிறவர்களும் கவனிக்கவும், வாலாஜா ரோடு ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதர் அய்யம்பேட்டையிலிருந்து வந்து குடியேறிய ஊர் இது. சௌராஷ்டிரர். குரு பாடப் பாட எழுதி வைத்த சீடர்களில் முக்கியமானவர். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன, இன்றைக்கும் பாடபேதம், அதாவது ஒரே கீர்த்தனையை ஆளுக்கொரு விதமாகப் பாடுவது, என்று சண்டை வந்தால் வாலாஜாபேட்டைச் சுவடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். கீர்த்தனைகள் இயற்றிய மைசூர் சதாசிவ ராவ் இவரிடம்தான் படித்தார். தியாகராஜரே இந்த ஊருக்கு வந்ததாகவும், அப்போது சதாசிவ ராவ் தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்து வரவேற்றதாகவும் சொல்வார்கள். எந்தத் தெருவில் நடந்திருக்கும் என்று யோசித்தபடி உச்சி வெயிலில் சுற்றிவிட்டு, ஆற்காடு போய் மக்கன் பேடா இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவது வேண்டாம் என்று தடுத்தது பர்ஸ்தான்.

செலவு ரயிலோடு சேர்த்து 1,900 சொச்சம். அதில் அந்த ஆட்டோ 220ஐ மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. பெரியவரின் குழு அடுத்த ஆடியில் எந்த ஞாயிறு அங்கே வரும் என்று கேட்க மறந்துவிட்டேன். நான்கு ஞாயிறும் போக வேண்டியதுதான், இந்த முறை டவுன் பஸ்ஸில்.