வார்டோவின் கடலடி

வார்டோவுக்கு றோட்டால் வருகிறவர்கள் எல்லாரும் கடலுக்கு அடியால்தான் வரவேண்டும். நோர்வேயின் கிழக்குக் கோடியில் கிடக்கிற இந்தத் தீவுக்குப் பாலம் இல்லை. 1982இல் திறந்த சுரங்கப்பாதை கடல்மட்டத்திலிருந்து 88 மீட்டர் கீழே இறங்கி, கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் ஓடி, பிறகு ஊருக்குள் ஏறுகிறது. கடலுக்கடியில் இந்த நாட்டில் வெட்டிய முதல் வாகனச் சுரங்கம் அது.

வார்டோ கிடக்கிற ஃபின்மார்க் மாகாணத்தின் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு 1980களில் எங்கள் ஈழத்துச் சனம் வரத் தொடங்கியது. பாஷை தெரியுமா என்று பெரிதாக ஆரும் கேட்கவில்லை. கத்தி பிடிக்கத் தெரிந்தால் சரி. கையில் நாலு காசு சேர்ந்ததும் பெரும்பாலானோர் கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், சொந்தக்காரர் என்று ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். நான் நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்டால், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியான ஊர்காவற்துறையில் பிறந்தவனுக்குத் தீவு புதிசில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் என்னைப் பிடித்துவைத்தது இங்கத்தைக் கடலின் அடிதான்.

அந்த அடியை நான் முதலில் கண்டது மீன் வயிற்றுக்குள். சின்னப் படகுகள் மீனை வெட்டாமலே கொண்டுவந்து இறக்கும். குடல் எடுப்பது என் வேலை. மார்ச், ஏப்ரலில் வருகிற கொட் மீனின் வயிற்றில் சாண் நீளத்து வெள்ளிக் கேப்லின் மீன் திணிந்து கிடக்கும். கேப்லின் முட்டையிடக் கரைக்கு வரும், அதைத் துரத்திக்கொண்டு கொட் வரும், கொட் மீனைத் துரத்திக்கொண்டு படகுகள் வரும். ஹடொக் வயிறு வேறு விதம்: மெல்லிய கைகளோடு நொறுங்கிய நட்சத்திர மீன்கள், புழுக்கள், சிப்பித் துண்டுகள். அடிமண்ணை மேய்கிற மீன் அது. ஓநாய் மீனின் வயிற்றில், முள் உருண்டையான கடல் முள்ளெலியின் ஓடும் மட்டியின் ஓடும் தூளாய்க் கிடக்கும். அதன் வாயைப் பார்த்தால் நம்பலாம். ஓட்டைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பற்களை வருடத்துக்கொருமுறை கழற்றிப் புதிசு முளைக்க வைத்துக்கொள்கிற மீன். சதை கெட்டியானது, கறிக்கு உடையாது. கொட் மீனை விட நல்லது என்பது என் தீர்ப்பு. வீட்டில் அதற்கு எதிர்ப்பு உண்டு.

நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்பும். இருட்டைப் பற்றி வந்தவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். ஆனால் ஒன்று: அந்த மாதங்களில்தான் தண்ணீர் கண்ணாடி. ஏப்ரல் வாக்கில் வெளிச்சம் கூடி நுண்பாசி பெருகினதும் கடல் பச்சையாய்க் கலங்கிவிடும். மாரியில் துறைமுகத்தில் டோர்ச் அடித்தால் தூண்களில் வெள்ளையும் செம்மஞ்சளுமாய்க் கடற்சாமந்திகள் என்கிற பூப்போன்ற பிராணிகள் விரிந்து நிற்பது தெரியும். அந்நேரம் தண்ணீரின் சூடு 3, 4 பாகை, கோடையில் ஏறினாலும் 8, 9தான். அட்லாண்டிக்கிலிருந்து வருகிற வெப்ப நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை.

வற்றமும் பெருக்கும் எனக்குப் பெரிய அதிசயம். ஊரில் கடல் ஒரு முழம், ஒன்றரை முழம் ஏறி இறங்கும். இங்கே பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏறக்குறைய 3 மீட்டர். அந்த வற்றத்தில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனால், பாசி மூடிய கல்லுகளைத் தாண்டிக் கீழே ஒரு கல்தரை தெரியும். ஆரோ இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு பூசிவிட்ட மாதிரி இருக்கும். அது கல்லில் ஒட்டி வளர்கிற ஒரு பாசி. அதன்மேல் பச்சை முள்ளெலிகள், கால் வைக்க இடமில்லாமல்.

ஒருகாலத்தில் அது கெல்ப் என்கிற பெரிய கடற்பாசிக் காடாய் இருந்த தரை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் தண்டு, விரிந்த இலை, அதற்குள் நத்தை, இறால், கொட் குஞ்சு எல்லாம் குடியிருக்கும். 1970கள் தொடக்கம் நடு நோர்வேயிலிருந்து ரஷ்ய எல்லை வரை முள்ளெலிகள் பெருகி அந்தக் காட்டை மேய்ந்து முடித்தன. அலை ஓங்கி அடிக்கிற வெளிப்பக்கத்தில் மட்டும் கெல்ப் தப்பிக்கொண்டது. அங்கே முள்ளெலியால் பிடித்து நிற்க ஏலாது. புயலுக்குப் பிறகு கரையில் குவிகிற கெல்ப்பைக் கண்டால், எங்கள் தீவுப் பகுதியில் சாதாழை அள்ளித் தோட்டத்துக்குப் போடுவது ஞாபகம் வரும். இங்கே அள்ளுவாரில்லை.

வசந்தத்தில் நான் தேடிப் போவது வேறொன்றை. செதிலில்லாத, உருண்டை திரண்ட, அழகென்று எவரும் சொல்லமாட்டாத லம்ப் மீன். பெண் பெரிது, நீலப்பச்சை. ஆண் சிறிது, அந்தப் பருவத்தில் சிவக்கும். பெண் ஆழம் குறைந்த கல் இடுக்கில் முட்டையிட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். வயிற்றிலிருக்கிற ஒட்டுத்தட்டால் கல்லைப் பிடித்துக்கொண்டு, வாரக்கணக்காய்த் தின்னாமல் குடியாமல், முட்டைக்குத் தண்ணீர் வீசிக்கொண்டு ஆண் காவல் நிற்கும். வற்றம் கூடிய நாளில் கடற்காகம் வந்து கொத்தினாலும் இடத்தை விடாது. பெண்ணின் முட்டைக்குத்தான் சந்தையில் விலை.

இனி நண்டு. ரஷ்யாவின் கிழக்குக் கோடிக் கம்சட்கா பக்கத்துச் செந்நண்டை 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் இங்கத்தைக் கடலான பாரன்ட்ஸ் கடலில் கொண்டுவந்து விட்டார்கள். அது அடியால் நடந்து, 1970களில் நோர்வேப் பக்கம் வந்தது. 1990களில் பக்கத்து வராங்கர் ஃபியோர்ட் என்கிற கடற்குடாவில் வலை போட்டால் மீனுக்குப் பதிலாக நண்டு. வலையைக் கிழிக்கும், தூண்டில் இரையைத் தின்னும். ஆளுக்கு ஆள் திட்டினார்கள். 2002இல் வணிகப் பிடிப்பு தொடங்கியது. இப்போது உயிரோடு விமானத்தில் ஏறிக் கொரியா வரை போகிறது. திட்டு நின்றுவிட்டது.

தேநீர் மேசையில் ஒருவர், "நீங்களும் நண்டும் ஒரே காலத்தில்தானே வந்தீர்கள்" என்று பகிடி விட்டார். விசாவுக்கு அலையாமல் வந்தது நண்டு, என்னை அதோடு சேர்க்காதே என்றேன். ஆனால் நண்டு விஷயத்தில் எனக்கு ஒரு சமத்துவம் கிடைத்தது மெய். கொட் மீனைப் பற்றி இந்த ஊரவருக்குப் பரம்பரை அறிவு. நண்டைப் பற்றி அவர்களும் என்னோடு சேர்ந்துதான் படித்தார்கள்: பெரியவை மாரியில் ஆழத்தில் இருக்கும், வசந்தத்தில் ஓடு கழற்றவும் சேரவும் மேலே ஏறும், குஞ்சுகள் கரையோரத்தில் கும்பலாய்க் குவிந்து கிடக்கும் என்று.

நண்டு மட்டியையும் நட்சத்திர மீனையும் பெரிய புழுக்களையும் தின்று வராங்கர் ஃபியோர்டின் சேற்றுத்தரையை வறிதாக்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதே நண்டு முள்ளெலியையும் தின்கிறது. கிழக்கு ஃபின்மார்க்கில் சில இடங்களில் கெல்ப் திரும்ப முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டால், அரசாங்கமே ஒரு முடிவில் இல்லை. நோர்ட்காப் என்கிற வடமுனைக்குக் கிழக்கே அளவு வைத்துக் காக்கிறது, மேற்கே எவ்வளவும் பிடியுங்கள் என்று விடுகிறது. நான் தின்கிற கட்சி. ஊரவர் நண்டுக்காலை அவித்து எலுமிச்சையும் மயொனீஸும் பாணும் வைத்துச் சாப்பிடுவார்கள். நாங்கள் கோதை உடைத்து, தேங்காய்ப்பாலும் கறித்தூளும் போட்டு இறக்குவோம். சதை இனிப்பானது என்பதால் தூள் குறைய, மிளகு கூட. முருங்கையிலைக்கு இங்கே வழியில்லை.

புதிதாய் வருகிறவர்களுக்கு: வற்ற நேர அட்டவணையைப் பார்த்துப் போங்கள், பெருக்கு வேகமாய் ஏறும். கறுப்பு மட்டி கண்டதும் பொறுக்கவேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் நச்சு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் பொறுக்குங்கள். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. நண்டு பிடிக்க ஊரவருக்கும் அளவு உண்டு, கேட்டுவிட்டுக் கூடு இறக்குங்கள்.