எச்.பி.வி. என்று மட்டும் சொல்லி டெஸ்ட் புக் பண்ணாதீர்கள்

போன வருடம் நண்பனின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனேன். நான்கு நாள் கழித்து போன்: "சார், ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க." போனேன். வரிசையில் இருபது பேர் நிற்கிறோம். கவுன்ட்டர்க்காரர் தலையை நிமிர்த்தாமலே, "அந்த ஹெபடைடிஸ் பி யாருப்பா?" என்று சத்தமாகக் கேட்டார். அவர் கையில் இருந்த சீட்டிலேயே என் பெயர் இருந்தது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். கல்லீரல் டாக்டர் மூன்று டெஸ்ட் எழுதினார். கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்த டெஸ்ட் அன்றைக்கே முடிந்தது. மற்ற இரண்டுக்கும்தான் அலைச்சல்.

வைரஸ் எண்ணிக்கை பார்க்கும் டெஸ்டுக்கு ஒரு லேபில் போனில் புக் பண்ணினேன். "எச்.பி.வி. டி.என்.ஏ. எடுக்கணும்." "காலைல வாங்க சார், பணத்த இப்பவே ஜிபே பண்ணிடுங்க." பண்ணிவிட்டேன். மறுநாள் அச்சகத்தைப் பூட்டிவிட்டு, திருமங்கலத்தில் பஸ் ஏறி, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து போனால், ரிசப்ஷன் பெண் என்னைப் பார்க்கிறாள், கம்ப்யூட்டரைப் பார்க்கிறாள்.

"பேஷன்ட் எங்க சார்?"

"நான்தாம்மா."

"இது லேடீஸ் டெஸ்ட் சார். கர்ப்பப்பை வாய்ல எடுக்கிறது."

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸும் எச்.பி.வி.தான், ஹெபடைடிஸ் பி வைரஸும் எச்.பி.வி.தான். இங்கிலீஷில் வேறு வேறு எழுத்து. நம் வாயில் இரண்டும் ஒரே 'பி'. பணத்தைத் திருப்பித் தர மேனேஜர் வர வேண்டுமாம். மேனேஜர் லீவாம். பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது. டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. நீங்கள் அதைச் செய்யுங்கள்.

அடுத்தது ஸ்கேன். "வெறும் வயிறு" என்று சொன்னார்கள். டீ ஒரு சாப்பாடா என்று நினைத்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். பால் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கிவிடும், சரியாகத் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு மணி நேரம் எதுவும் கூடாது, தண்ணீர் மட்டும். இன்னொரு நாள், இன்னொரு பூட்டு.

ரிப்போர்ட்டில் வைரஸ் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருந்தது. எனக்கோ உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. "அப்புறம் எதுக்கு டாக்டர் மாத்திரை?" என்று கேட்டேன். என்ன தொழில் என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

வைரஸிடம் சொந்த மெஷின் கிடையாது. கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து, உட்கருவுக்குள் தன் டி.என்.ஏ.வை ஒரு வளையமாக்கி வைத்துக்கொள்ளும். அதுதான் அச்சடிக்கிற பிளேட். பேப்பர், மை, மெஷின் எல்லாம் உங்களுடையது, ஓடுவது அதனுடைய வேலை. பிளேட்டிலிருந்து முதலில் ஆர்.என்.ஏ. நகல் வரும், அதை மறுபடி டி.என்.ஏ.வாக மாற்றிப் புது வைரஸுக்குள் அடைக்கும். டெனோஃபோவிர் மாத்திரை அந்த மாற்றும் வேலையைத்தான் நிறுத்துகிறது. பிளேட் உள்ளேயே இருக்கும். அதனால் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று நாமாக மாத்திரையை நிறுத்தினால், வைரஸ் மறுபடி கிளம்பி கல்லீரல் மோசமாக வீங்கலாம்.

புற்றுநோய் எங்கிருந்து வருகிறது? வைரஸ் பிடித்த செல்களை நம் எதிர்ப்புச் சக்தியே அடிக்கிறது, கல்லீரல் புதுச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வருடக்கணக்கில் ஓயாமல் நகல் எடுத்தால் பிழை விழத்தானே செய்யும்? போதாக்குறைக்கு வைரஸ் டி.என்.ஏ.வின் துண்டு நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. மாப்பிள்ளை பெயர் வரவேண்டிய இடத்தில் வேறு பத்திரிகையின் வரி உட்கார்ந்த மாதிரி. (அப்படி ஒரு தடவை 500 பத்திரிகை எனக்கு வீணாகியிருக்கிறது, சட்டென்று புரிந்தது.) அதனால் கல்லீரல் சுருங்காதவர்களுக்கும் புற்றுநோய் வரலாம், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம் என்றார். லேபில் மாறிப்போன அந்த இன்னொரு எச்.பி.வி. வேறு ரகம், அதன் இரண்டு புரதங்கள் செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பிரேக்கையே கழற்றிவிடுமாம்.

வீட்டில் அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்து நின்றார். டாக்டரிடம் கேட்டேன். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் இந்த வைரஸுக்குக் கீழாநெல்லி பலன் தருவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியது நிஜம்தான், பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்றார். அத்தையிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

மாத்திரை அரசுத் திட்டத்தில் இலவசம். 2018-இல் வந்த திட்டம். ஆதார் ஜெராக்ஸ், ரிப்போர்ட் ஒரிஜினல் இரண்டும் இருந்தால் அரை மணி நேர வேலை.

மனைவிக்கு நெகட்டிவ். தடுப்பூசி மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பிள்ளைகளுக்குப் பிறந்தபோதே போட்டாயிற்று. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கச் சொல்லி வந்த சொந்தக்காரர்களுக்கு, இது சாப்பாட்டில் பரவாது என்று அவள்தான் பதில் சொன்னாள். என் ஷேவிங் பிளேடை மட்டும் யாரும் தொடுவதில்லை.

அம்மாவுக்குப் பாசிட்டிவ். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டார். "நான்தான் குடுத்தேனாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம் அம்மாவுக்கு டெஸ்ட் புக் பண்ண அதே லேபுக்கு போன் அடித்தேன். பக்கத்தில் வேறு லேப் இல்லை. "எச்.பி.வி., பாம்பே பி-ம்மா, பழனி பி இல்ல" என்று ஆரம்பித்ததுமே அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"திருமங்கலம் அண்ணனா? சீட்ட வாட்ஸ்அப்ல போடுங்கண்ணே."