பசியில் கிடந்த பங்கசு

ஆரையம்பதியிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்த அந்த அம்மா தன் மேல்வரிசைப் பல்செட்டை ஈரத்துணியில் சுற்றி, பழைய பிஸ்கட் டின்னொன்றுக்குள் வைத்துக் கொண்டுவந்தா. "ரெண்டு தரம் மருந்து எடுத்தன் மனே. மாறுற மாதிரிப் போய்த் திரும்பவும் வாய் எரியுது."

அண்ணத்தில் ஒட்டும் பக்கம் வழுவழுத்தது. சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். மொட்டுவிட்ட கலங்கள், அவற்றுக்கிடையே நீண்ட இழைகள். குருதிச் சீரத்தில் இட்டு 37 பாகையில் வைத்தபோது மூன்று மணிநேரத்துக்குள் முளைக்குழாய் விட்டது. கன்டிடா அல்பிக்கன்ஸ் என்ற பங்கசுதான். உணர்திறன் சோதனையில் மருந்துக்குக் கட்டுப்படும் என்றே வந்தது.

அந்த முடிவில் பிழையில்லை. ஆனால் அந்தச் சோதனையில் கலங்கள் சத்துள்ள திரவத்தில் தனித்தனியே மிதக்கின்றன. பல்செட்டிலோ ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தாமே சுரந்த பசைக்குள் உயிர்ப்படலமாகக் கிடக்கின்றன. சீனி போட்ட பிளேன்டீ உள்ளே போகும் நேரம் தவிர, இரவு முழுக்க அவற்றுக்குப் பட்டினிதான்.

இதைத் தட்டில் வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அது 2022. டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம், ஆய்வுகூடத்துக்குக் கலங்களை வளர்க்கும் ஊடகம் எப்படி வரும்? கையிலிருந்த ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற ஊடகத்தில் லீற்றருக்கு 2 கிராம் குளுக்கோசு உண்டு. 96 குழித் தட்டில் பாதிக் குழிகளுக்கு அதையே உப்புநீரில் நான்கு மடங்கு ஐதாக்கி ஊற்றினேன். அங்கே படலம் மெல்லியதாகத்தான் பிடித்தது. அம்போதெரிசின் என்ற பங்கசு மருந்தை இட்டு, பிறகு எக்ஸ்.ரி.ரி. சாயம் சேர்த்தேன். சத்துள்ள குழிகள் செம்மஞ்சளாக மாறின. பசித்த குழிகள் வெளிறிக் கிடந்தன. 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' என்று கொப்பியில் எழுதிவிட்டு, கல்லடிப் பாலத்தால் சந்தோஷமாக வீடு போனேன்.

மறுநாள் எங்கள் வைத்தியர் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "மருந்து போடாத பசிக் குழி எங்க?"

ஓரத்தில் இருந்தது. அதுவும் அதே வெளிறல்! அந்தச் சாயம் கலத்தின் சுவாசத்தால் நிறம் மாறுவது. பட்டினி கிடக்கும் கலம் மெதுவாகத்தான் சுவாசிக்கும். நான் மந்தத்தைப் பார்த்துச் சாவு என்று எழுதியிருக்கிறேன். மருந்திட்ட குழிகளைச் சுரண்டி, கழுவி, பங்கசு வளர்க்கும் சபூரோ ஏகரில் பூசினேன். இரண்டாம் நாள் பாலாடை நிறத்தில் பங்கசுக் கூட்டங்கள் எழும்பியிருந்தன. மருந்துக்குப் பிறகும் கலங்கள் உயிரோடுதான் இருந்திருக்கின்றன.

அவை மருந்தைத் தாங்கியதற்கு முதலில் பசியையே முழுக் காரணமாக எண்ணினேன். 1998 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பெய்லியும் டக்ளசும் குளுக்கோசைக் கட்டுப்படுத்தி, வளர்ச்சி வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்த ஆய்வை வாசித்த பிறகு அந்த எண்ணம் மாறிற்று. மிதக்கும் கலங்கள் மெதுவாக வளரும்போது மட்டுமே அம்போதெரிசினைத் தாங்கின. குலையாத படலமோ எந்த வேகத்திலும் தாங்கியது. படலத்தைக் கலைத்துப் பிரித்த கலங்களில் அந்தத் தாங்குதிறன் குறைந்தது. ஆக, சேர்ந்து ஒட்டி வாழ்வதிலேயே ஏதோ இருக்கிறது. பசையிலுள்ள குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி, புளூக்கனசோல் என்ற இன்னொரு பங்கசு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பிற்பாடு தெரியவந்த ஒரு காரணம். அம்போதெரிசினுக்குப் பிறகும் உறங்கிக் கிடந்து மீளும் சில கலங்கள் இன்னொன்று.

அந்த அம்மாவுக்கு வைத்தியர் மருந்தோடு சேர்த்து, இரவில் பல்செட்டைக் கழற்றச் சொன்னார், தினமும் பிரஷால் தேய்க்கச் சொன்னார். படலத்தைக் கையால் குலைக்காமல் மருந்தை மட்டும் கூட்டி என்ன பயன்? அவ தயங்கினா. பல்லில்லாமல் பேரப்பிள்ளைகள் முன்னால் இருக்க வெட்கமாம். விளக்கை அணைத்த பிறகு கழற்றுவதாக ஒப்புக்கொண்டா.

இப்போது எந்தத் தட்டு அடுக்கினாலும் மருந்தில்லாத பசிக் குழிகளுக்குத்தான் முதல் வரிசை.