சிக்கிமுக்கிக் கல்லுக்குள் ஒரு ஸ்பினிஃபெரைட்டிஸ்: இனம் கண்ட விதம்

டைனோபிளாஜெல்லேட் என்பவை பெரும்பாலும் கடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரிகள். அவற்றுள் சில இனங்கள் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு கட்டத்தில் சிஸ்ட் எனப்படும் கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக் கிடந்து, பிறகு அந்த உறையில் ஒரு திறப்பை உண்டாக்கிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன. புதைபடிவமாக நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் காலி உறைதான். ஸ்பினிஃபெரைட்டிஸ் என்பது அத்தகைய முள் உறைகளின் ஒரு பேரினம். ஆய்வுக்கூடங்களில் பாறையை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து இவற்றைப் பிரிக்கிறார்கள். அந்த அமிலம் வீட்டில் தொடவே கூடாதது. எனவே அமிலமே தேவைப்படாத பழைய வழியான சிக்கிமுக்கிக் கல் சில்லுகளை எடுத்துக்கொண்டேன்.

தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸில், வெண்சுண்ணக் குன்றுகளின் சரிவிலுள்ள உழுத வயல்களில் இந்தக் கற்கள் ஏராளமாகக் கிடக்கும். நிலத்துக்காரரின் அனுமதியோடு சில கட்டிகளை எடுத்துவந்தேன். டைனோசர் யுகத்தின் இறுதிக் கட்டமான பிந்திய கிரெட்டேசியஸ் காலக் கடலடிச் சேறு இறுகி நசுங்குவதற்கு முன்பே அதில் சிலிக்கா ஊறிப் படிந்து உருவானவை இவை என்பதால், உள்ளே சிக்கிய சிஸ்டுகள் தட்டையாகாமல் உருண்டை வடிவிலேயே நிற்கின்றன. அதுவே இவற்றின் பெரிய வசதி. ஒரு சிஸ்டை நமக்கு வேண்டிய பக்கம் திருப்பிப் பார்க்க முடியாது என்பது இவற்றின் பெரிய தொல்லை.

கல்லைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணாடியும் கையுறையும் அணிந்து உடைக்க வேண்டும்; சில்லுகள் பிளேடு போல வெட்டும். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் ஊடு தெரிகிற மெல்லிய சில்லுகளை மட்டும் பொறுக்கி, ஸ்லைடில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டு அதில் அமிழ்த்தி, கவர்ஸ்லிப்பால் மூடினேன். கிராம்பு எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53, சிக்கிமுக்கிக் கல்லின் எண்ணும் அதற்கு மிக அருகில் இருப்பதால், உடைந்த பரப்பின் கரடுமுரடு கண்ணில் படாமல் மறைந்து, உள்ளிருப்பது தெளிவாகத் தெரிகிறது. எண்ணெய் லென்ஸிலோ பிளாஸ்டிக்கிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்ஸால் தேடி, ஏதாவது தென்பட்டால் மட்டும் 40 மடங்குக்கு மாறுவது நல்லது. சில்லு தடிமனாக இருந்தால் 40 மடங்கு லென்ஸ் கவர்ஸ்லிப்பில் இடித்துவிடும்.

பல சில்லுகளில் கடற்பஞ்சு ஊசிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு ஒன்றில், மங்கிய மஞ்சள் நிறத்தில், 40 மைக்ரானுக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள முட்டை வடிவ உடலும், அதைச் சுற்றி முட்களுமாக ஒரு சிஸ்ட் கிடைத்தது. ஒவ்வொரு முள்ளும் நுனியில் மூன்றாகக் கிளைத்தது. நன்றாகப் போகஸ் செய்தபோது அந்தக் கிளைகளின் முனையும் இரண்டாகப் பிரிந்திருந்தது. முள்ளின் அழகைப் பார்த்துப் பெயர் வைக்கும் ஆசை இந்த இடத்தில்தான் வரும். ஆனால் வகைப்பாட்டைத் தீர்மானிப்பவை முள் எங்கே நிற்கிறது என்பதும், உறை எங்கே திறந்தது என்பதும்தான். முள்ளின் நுனி அதற்கு அடுத்தபடியே.

இதை உணர்வதற்கே அறிவியலுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1830களில் பெர்லினில் நுண்ணுயிர் ஆய்வாளர் எஹ்ரென்பெர்க் இத்தகைய முள்ளுருண்டைகளைச் சிக்கிமுக்கிக் கல்லில் கண்டு, நன்னீர்ப் பாசியான சாந்திடியம் என்று கருதினார். இகுவானடான் டைனோசரை உலகுக்கு அறிவித்த சசெக்ஸ் மருத்துவர் கிடியன் மான்டெல் 1850இல் இவற்றுக்கு ஸ்பினிஃபெரைட்டிஸ் என்று பெயரிட்டார். 1933இல் ஓட்டோ வெட்சல் ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபேரா என்ற பெயரைத் தந்தார்; அது நெடுங்காலம் புழங்கியபோதும், முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி மான்டெலின் பெயர் திரும்ப நிலைபெற்றது. முட்களின் இடமும் திறப்பின் வடிவமும் டைனோபிளாஜெல்லேட்டின் உடலை மூடும் தகடுகளின் அமைப்போடு பொருந்துவதை 1960களின் தொடக்கத்தில் வில்லியம் எவிட் காட்டிய பிறகே, இந்த முள்ளுருண்டைகளில் பெரும்பாலானவை சிஸ்டுகள் என்பது உறுதியாயிற்று.

ஆகவே தகடுகளைத் தேடினேன். மேற்பரப்பு, நடுப்பகுதி, கீழ்ப்பரப்பு என மூன்று மட்டங்களில் போகஸ் வைத்து, தனித்தனித் தாளில் பென்சிலால் வரைந்தேன். கீழ்ப்பரப்பை உடலின் ஊடாக, அதாவது உட்புறமிருந்து பார்க்கிறோம் என்பதால், அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பினால்தான் உண்மையான அமைப்பு கிடைக்கும். முட்களின் அடிகளை இணைத்து மெல்லிய வரம்புகள் ஓடின. அவை பலகோணக் கட்டங்களாக உடலைப் பிரித்தன; ஒவ்வொரு கட்டமும் ஒரு தகட்டின் தடம். முட்கள் அந்தக் கட்டங்களின் மூலைகளில் நின்றன. மூன்று தகடுகள் சந்திக்கும் மூலையில் முள் மூன்றாகக் கிளைப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உடலின் இடுப்பைச் சுற்றி இரட்டை வரம்பாக ஓடிய சிங்குலம் என்ற பட்டையின் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் சந்திக்காமல், சுருள் போலத் தள்ளி நின்றன.

முட்கள் தகட்டின் நடுவிலிருந்து குழாய்களாக எழுந்திருந்தால் ஒலிகோஸ்ஃபெரிடியம் பக்கம் போயிருப்பேன். அதில் திறப்பு உச்சியில் இருக்கும், சிங்குலத்தில் முள் இருக்காது. வரம்புகளே இல்லாமல் இதே முட்கள் மட்டும் இருந்தால் அக்கோமோஸ்ஃபேரா. இந்த இரண்டாவது வேறுபாடுதான் சங்கடமானது: வரம்புகள் சில இடங்களில் அவ்வளவு தணிவாக இருந்தன, நுண்ணோக்கியின் கண்டென்சரில் உள்ள, ஒளி வரும் துளையைச் சுருக்கும் டயாஃபிரத்தைப் பாதிக்கு மேல் மூடிய பிறகே தெரிந்தன. திறப்பு முதுகுப் பக்கத்தில், சிங்குலத்துக்குச் சற்று மேலே, ஒரே ஒரு தகட்டின் அளவில் இருந்தது. சிங்குலத்தை ஒட்டி மேலே வரிசையாக உள்ள ஆறு தகடுகளில் மூன்றாவது அது. திறப்பின் ஓரத்து முட்கள் உடலோடேயே நின்றிருந்தன.

உடற்சுவர் வழவழப்பானது, அடிமுனையில் அகன்ற சவ்வு இல்லை, மூலைகளில் தவிர வேறெங்கும் முள் அதிகமில்லை. இவற்றைக் கொண்டு ஸ்பினிஃபெரைட்டிஸ் ரமோசஸ் என்று முடிவு செய்தேன். சுவரின் மணிமணியான தன்மை, முள்ளின் நீளம் போன்றவற்றை வைத்து இந்த இனத்தைப் பல வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒற்றை மாதிரியை, அதுவும் கல்லுக்குள் அசையாமல் கிடப்பதை, அவற்றுள் ஒன்றில் அடைப்பது அளவுக்கு மீறிய துணிச்சல் என்பதால், பரந்த பொருளில் ரமோசஸ் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வயதையும் இது சொல்லாது: இந்த இனம் கிரெட்டேசியஸ் முதல் இன்றைய கடல் வரை தொடர்கிறது, வயலில் கிடந்த கல் எந்தப் படுகையிலிருந்து வந்தது என்பதற்கும் அடையாளம் இல்லை.

ஸ்லைடின் ஓரத்தில் பெயர், வயலின் இடம், சிஸ்ட் இருக்கும் புள்ளியைக் காட்டும் நுண்ணோக்கி மேடையின் அளவுகள் ஆகியவற்றை எழுதியாயிற்று. அதே கட்டியிலிருந்து வந்த இன்னொரு சில்லில் குழாய் முட்களோடு ஒரு துண்டு தெரிகிறது. உச்சி உடைப்புக்குள் போய்விட்டதால் அதற்குத் திறப்பு இல்லை. இப்போதைக்கு அதன் சீட்டில் ‘ஒலிகோஸ்ஃபெரிடியம்?’ என்று கேள்விக்குறியோடுதான் இருக்கிறது.