அம்மை போட்ட சுவர்

கட்டடக்கலையில் பி.ஆர்க். 5 வருடம், டில்லியில் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் எம்.ஆர்க். 2 வருடம். புதுச்சேரிக்கு வந்து இறங்கியபோது விரிசலை அளக்கத் தெரியும், வரையத் தெரியும், அறிக்கை எழுதத் தெரியும். சுண்ணாம்பை மட்டும் கையால் தொட்டதில்லை.

நானே பொறுப்பெடுத்த முதல் வீடு தமிழர் பகுதியில். தெருப்பக்கம் திண்ணை, மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், உள்ளே முற்றம். மாடி மட்டும் பிரெஞ்சுச் சாயலில். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி இடிந்து விழுந்ததிலிருந்து பழைய வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கலக்கம். "சர்க்கார் கட்டடமே விழுந்துடுச்சு, இது நிக்குமா? இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாமா?" என்றார் வீட்டுக்கார அம்மா. (மேரியைப் பழைய தோற்றத்திலேயே எழுப்பி 2021இல் திறந்தார்கள். என்னைக் கேட்டால் அது அழகான புதுக் கட்டடம்.)

ஒழுகியது மெட்ராஸ் டெரஸ் தளம். தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், கோணலாக, மூலையில் தொடங்கிச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பிடித்துக்கொள்ளும். அடியில் பலகை அடைக்கவே வேண்டாம். அதன்மேல் செங்கல் ஜல்லித் தளம், கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. கீழேயிருந்து பார்க்கப் பயமாக இருந்ததே தவிர, தளத்தில் பெரிய குறையில்லை. மழைநீர்க் குழாயில் அரசங்கன்று முளைத்து அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சுவருக்குள் இறங்கி, அங்கே செருகியிருந்த 3 விட்டங்களின் முனைகள் மட்டும் மக்கியிருந்தன. சுத்தியால் தட்டினால் நல்ல தேக்கு கணீரென்கும், மக்கியது பொத்தென்கும். முனைகளை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டுப்போட்டோம். இடிக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

கூடத்துச் சுவர்தான் என்னைப் படுத்தியது. யாரோ இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசிவைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் அதற்கும் மேலே ஏறி, உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். அதுவரை சரி.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, ஒரு மாதமாவது தொட்டியில் ஊறவிட வேண்டும் என்றார் மேஸ்திரி. தை மாதம் அந்த வீட்டில் கல்யாணம். நான் நாட்காட்டியைப் பார்த்தேன், 4 நாள் போதும் என்றேன். "ஊறாத சுண்ணாம்பு சும்மா இருக்காதும்மா" என்றார். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும்தான் சேர்க்கிறோமே என்று பதில் சொன்னேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பூசி 3 வாரம் கழித்துச் சுவரில் அம்மை போட்டது. மிளகளவுக் குழிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. மேஸ்திரி நகத்தால் ஒன்றை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நீறாமல் தங்கிவிட்ட சுண்ணாம்புத் துணுக்கு. பூச்சுக்குள் உட்கார்ந்தபடியே ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே இருந்ததை வெடித்துத் தள்ளியிருக்கிறது. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

கல்யாணம் அந்தச் சுவருக்குத் துணி கட்டித்தான் நடந்தது. போட்டோக்களில் பின்னால் மஞ்சள் துணிதான் தெரியும். அப்புறம் முழுவதும் உரித்து, 2 மாதம் ஊறிய சுண்ணாம்பில், பங்குனியில் திரும்பப் பூசினோம். செலவு என் கட்டணத்தில் கழிந்தது. மிச்சமானது பஸ் செலவுக்குச் சரியாக இருந்தது.

இப்போதெல்லாம் வீட்டுக்காரர் சம்மதம் சொன்ன மறுநாளே, வரைபடத்தில் ஒரு கோடு போடுவதற்கு முன்னால், தொட்டி கட்டிச் சுண்ணாம்பை ஊறப்போட்டுவிடுகிறேன்.