குருதியை அளந்து பார்த்த ஆய்வுகள்

பிரசவத்துக்குப் பின் வெளியேறும் குருதியைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும் என்பதை, ராயபுரத்தில் மகப்பேற்றுச் செவிலியர்களாகப் பணிபுரியும் நாங்கள் நன்கறிவோம். கர்நாடகத்தின் பெல்காமில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து நடத்தி 2006-இல் வெளியிட்ட மிசோப்ரோஸ்டால் (கருப்பையைச் சுருங்கச் செய்து குருதிப்போக்கைத் தடுக்கும் மாத்திரை) ஆய்வில், 1,620 பெண்களின் குருதியிழப்பு, தாய்க்கு அடியில் விரிக்கப்படும் அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பின் பையில் சேர்த்து அளக்கப்பட்டது. அங்கே பிரசவம் பார்த்தவர்கள் கிராமத் துணைச் செவிலியர்களே (இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு). பின்னர் நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு, அத்தகைய விரிப்போடு கருப்பை நீவுதல், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின், குருதிப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் முதலியவற்றை ஒருசேரத் தொடங்கியதால் கடும் குருதிப்போக்கு உள்ளிட்ட ஆபத்துகள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்ததாக 2023-இல் அறிவித்தது. வடசென்னையில் இத்தகைய கூட்டாய்வு அமைந்தால், படிவம் நிரப்ப மட்டுமன்றி, ஆய்வுக் கேள்வியை வகுக்கும் கூட்டத்துக்கே செவிலியர்களை அழைக்க வேண்டும்.