பாத்திரம்

சர்ச்சில் திருவிருந்து. அப்பம் வாங்கியாயிற்று. அடுத்து ஒயின் பாத்திரம்.

விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டே போதகர் ஐயர் என்னிடம் வந்தார். அவருக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. ஒரு வாய்தான். ஆனால் குடியை விட்ட எனக்கு 14 மாதக் கணக்கு.

கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தலையை அசைத்தேன். ஒரு நொடி பார்த்தார், அடுத்தவரிடம் போய்விட்டார். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் தைரியம் வரவில்லை.

வெளியே, ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பிடித்துக்கொண்டார். "தம்பி, எட்டு மாசச் சந்தா பாக்கி. சபை லிஸ்ட்ல பேரு வராது பாத்துக்கோங்க."

குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் சந்தாவும் இல்லை, முழுப் பெயரும் இல்லை. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தக் கூட்டம் குடியிலிருந்து மீளச் சொல்லும் படிகளில் மூன்றாவது, 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்கிறது. முதலில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஞாயிறு பள்ளியில் பரிசெல்லாம் வாங்கியவன் நான், புதிதாக என்ன புரிந்துகொள்வது?

அப்புறம் ஒரு ராத்திரி, இரண்டு மணி, கை நடுங்குகிறது. மனப்பாடம் செய்த ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. "அப்பா, விடியட்டும்." அவ்வளவுதான் சொன்னேன்.

ஆனாலும் கோயிலை விட முடியவில்லை. மூன்றாவது பெஞ்சு அம்மா உட்கார்ந்த இடம். கீர்த்தனையை வீட்டில் தனியாகப் பாடினால் என் குரல் எனக்கே சகிக்காது.

சரி என்று ஐநூறு ரூபாயை நீட்டினேன். ரசீது எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் உபதேசியார் கேட்டார்:

"செவ்வாய்க்கிழமை எங்கயோ கூட்டத்துக்குப் போறீங்களாமே... எத்தன மணிக்கு? நம்ம மருமகனுக்குத்தான்."